காலத்தைக் கணக்கிற் கொண்ட குயவர் ஜோசையா வெஜ்வுட்

நீல நிலத்தின்மேல் வெண்ணிறச் சிற்பங்கள் பொலிய விளங்கும் மட்கலங்களைப் படத்திலேனும் காணாதார் சிலரே. அக்கலங்களை ஆக்கிய ஜோசையா வெஜ்வுட் என்பாரை உலகம் கலைஞர் என்றும் வணிகர் என்றும் போற்றுகின்றது. அவருக்கு வேறொரு முகமும் உண்டு. இன்று அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஊழியர் காலையில் வந்தவுடன் ஓர் இயந்திரத்தின்மேல் விரலை வைக்கின்றனர். அல்லது அட்டையொன்றைக் காட்டுகின்றனர். அவர் வந்த நேரம் நொடி தவறாது பதிவாகின்றது. மாத முடிவில் வேதனக் கணக்குக்கு வேண்டிய விவரத்தையும் அவ்வியந்திரமே தந்துவிடுகின்றது. இவ்வழக்கத்தின் ஊற்றைத் தேடிச் செல்வோர், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே ஒரு மட்பாண்டச் சாலையின் வாயிலிற் சென்று நிற்பர். அவ்வாயில் வெஜ்வுட்டின் வாயிலாகும்.

அவருடைய வாழ்க்கையை அவ்வாயிலில் நின்று நோக்குதலே எனது கருத்து. பிறருடைய காலத்தை அளக்கத் தொடங்கிய அம்மனிதர் எதனை விரும்பினார், எதனைப் பெற்றார், அவர் பின் வந்தோர் எதனைக் கைவிட்டனர் என்னும் வினாக்கள் இன்றும் ஆராயத் தக்கனவாகும்.

இளமையும் தொழிலும்

வெஜ்வுட் 1730ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்ரஃபோட்ஷயர்ப் பகுதியிலுள்ள பேர்ஸ்லம் என்னும் ஊரிற் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் குயத்தொழில் செய்த குடும்பம் அது. பல பிள்ளைகளுள் இவர் கடைப்பிள்ளை. 1739இல் தந்தையார் இறந்தார். ஒன்பது வயதிலேயே சிறுவரின் பள்ளிப் படிப்பு முடிவெய்தியது. 1744இல் தமையனாரிடம் முறைப்படி தொழில் பயிலும் மாணவராக ஒப்பந்தஞ் செய்யப்பட்டார்.

இடையே பெரியம்மை நோய் அவரைப் பற்றியது. உயிர் தப்பினாராயினும் வலது முழங்கால் வலுவிழந்தது. குயவர் சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுழற்றுதல் அவருக்கு அரிதாயிற்று. சக்கரத்தை விட்டு விலகிய அவர், களிமண்ணின் கலவைகளையும் மேற்பூச்சுக்களையும் சூளையின் வெப்பத்தையும் ஆராயத் தலைப்பட்டார். உடலின் குறை அறிவின் திசையை மாற்றியது என்க. 1754 முதல் தோமஸ் வீல்டன் என்னும் புகழ்பெற்ற குயவருடன் பங்காளராக இருந்து தம் சோதனைகளை வரிசை பிழையாமற் குறிப்பேட்டில் எழுதினார். எதனையும் அளந்து எழுதும் பழக்கம் அன்று வேரூன்றியது. பின்னாளில் அப்பழக்கமே மண்ணை விட்டு மனிதரிடத்தும் சென்றது.

1759இல் அவர் தனித்துத் தொழில் தொடங்கினார். 1762இல் லிவர்ப்பூல் நகரில் தோமஸ் பென்ற்லி என்னும் கல்விமானின் நட்பு வாய்த்தது. வணிகத்திலும் சிந்தனையிலும் பென்ற்லி அவருக்கு மறுபாதியானார். 1765இல் சார்லற் அரசிக்குத் தேநீர்க் கலங்கள் செய்து கொடுத்தார். அதன்பின் அவருடைய வெண்மஞ்சட் கலங்கள் அரசியின் பெயராலேயே வழங்கலாயின. 1768இல் நெடுநாள் வருத்திய வலது காலை வைத்தியர்கள் வெட்டி நீக்கினர். அதன்பின் மரக்காலுடனேயே அவர் வாழ்ந்தார். மறு ஆண்டு, 1769 ஜூன் 13ஆந் திகதி, எற்றூரியா எனப் பெயரிட்ட புதிய சாலையைத் திறந்தார். அன்று பென்ற்லி சக்கரத்தைச் சுழற்ற, வெஜ்வுட் தம் கையாலேயே ஆறு கலங்களை வனைந்தார். உரிமையாளரின் கை மண்ணிற் பட்ட அந்நாள் நினைவிற் கொள்ளத் தக்கது.

மணியோசை

எற்றூரியா எத்தகைய மாற்றத்தைக் கொணர்ந்தது என்பதை உணர்தற்கு அக்காலக் குயவரின் வாழ்க்கைமுறையை அறிதல் வேண்டும். சிறு பட்டறைகளில் வேலை, மனம் போனபோது தொடங்கும். மனம் போனபோது நிற்கும். வாரத் தொடக்கத்தில் ஓய்ந்திருந்து, வார முடிவில் இரவு பகலாக உழைத்துக் கணக்கை நேர்செய்தல் வழக்கம். திங்கட்கிழமையை ஒரு புனிதர் திருநாள்போல் வேடிக்கையாகப் போற்றி, அன்று மதுச்சாலையிற் பொழுது போக்கினோர் பலர். ஊர்த் திருவிழா வந்தால் நாட்கணக்கில் வேலை நின்றுவிடும். இதனைச் சோம்பல் என்று மட்டுங் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. வேலை முடிந்ததா என்பதே அவர்களுடைய கணக்கு. எத்தனை மணி வேலை செய்தோம் என்பது அவர்களுடைய கணக்கன்று. விதைப்பும் அறுவடையும் அறிந்த எந்தக் குடியானவருக்கும் இவ்வியல்பு விளங்கும்.

வெஜ்வுட் அமைத்த சாலையில் இவ்வியல்பு இயங்க இடமில்லை. ஒருவர் வனைவார், ஒருவர் கடைவார், ஒருவர் கைப்பிடி பொருத்துவார், ஒருவர் பூச்சிடுவார், ஒருவர் சித்திரம் எழுதுவார். 1790 ஜூன் மாதத்தில் அங்கு வேலை செய்த ஆண், பெண், சிறுவர் 278 பேருள் குறித்த பணி இல்லாதோர் ஐவர் மட்டுமே. இவ்வாறு பிரித்த தொழிலில் ஒருவர் வாராதொழியின் அடுத்தவரின் கையும் சோரும். வனைபவர் வாராத நாளிற் கடைபவர் வெறுங்கையுடன் நிற்பார். ஆகவே எல்லாரும் ஒரே வேளையில் வருதல் இன்றியமையாததாயிற்று. நேரத்தின் மேல் அவர் கொண்ட கவலைக்கு அடிப்படை இதுவே.

எற்றூரியாவுக்கு முன்னரே, பேர்ஸ்லத்தில் இருந்த சாலையில், தொழிலாளரை அழைக்க அவர் மணியொன்றை அமைத்தார். பிறர் கொம்பூதி அழைத்த காலம் அது. மணியோசை புதுமையாக இருந்தமையால் அச்சாலையை ஊரவர் மணிச்சாலை என்றே அழைத்தனர். எற்றூரியாவிலும் மணி தொடர்ந்தது. காலை 5.45 மணிக்கு, அல்லது வேலை செய்யப் போதிய வெளிச்சம் வருதற்குக் கால் மணி முன்னதாக, முதல் மணி ஒலிக்கும். 8.30க்குக் காலையுணவு மணி. 9 மணிக்கு மீண்டும் அழைப்பு மணி. இவ்வாறே தொடர்ந்து, கண் தெரியாத இருள் வந்தபின் இறுதி மணி. இதன்கண் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தொடக்கத்தையும் முடிவையும் இன்னும் கதிரவனே ஓரளவு நிருணயித்தான். இடைப்பட்ட பொழுதைக் கடிகாரம் கைப்பற்றிவிட்டது.

வாயிலிற் சீட்டு

மணியடித்தால் எல்லாரும் வந்துவிடுவர் என்று எண்ணுமளவுக்கு வெஜ்வுட் பேதையல்லர். யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அறிதல் வேண்டும். அவருக்கு முன்னரும் இதற்கு முயன்றோர் உளர். 1700ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தின் வடகிழக்கில் இரும்புச் சாலை நடாத்திய அம்புரோஸ் குரோலி என்பார், தொழிலாளர் வருகையையும் போக்கையும் நிமிடக் கணக்கில் எழுதுதற்கென அலுவலர் வைத்திருந்தார். கடிகாரத்தைப் பிறர் தொடாதபடி பூட்டி வைக்கவும் சட்டம் எழுதினார். ஆயின் அங்கே எல்லாம் ஒருவர் கண்ணிலும் மற்றொருவர் எழுதுகோலிலுமே தங்கியிருந்தன. கண்ணும் எழுதுகோலும் நட்புக்கும் பகைக்கும் கைம்மாறுக்கும் இடந்தருவன.

வெஜ்வுட் வேறொரு வழி வகுத்தார். வாயிற்காவலர் சாலை முழுவதும் சுற்றி வந்து தலையெண்ணும் தொல்லையை ஒழித்தற்பொருட்டு, தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு ஏற்படுத்தப்பட்டது. உள்ளே வருபவர் தம் சீட்டைத் தாமே வாயிலருகே உரிய இடத்தில் இடுதல் வேண்டும். இடப்பட்ட சீட்டு வந்தவரைக் காட்டும். இடப்படாத சீட்டு வாராதவரைக் காட்டும். ஒருவரும் ஒருவரையும் விசாரிக்க வேண்டுவதில்லை. சீட்டே சாட்சி.

இச்சிறு ஏற்பாட்டின் பெருமையை நுணுகி நோக்குக. இதன்கண் பற்சக்கரம் இல்லை, சுருள்வில் இல்லை. எனினும் இன்றைய தன்னியக்க வரவுப் பதிவின் உயிர்க்கருத்து இங்கே பிறந்துவிட்டது. பதிவு செய்யும் வேலை மேற்பார்வையாளர் கையினின்றும் நீங்கி, பதிவு செய்யப்படுபவர் கைக்கே வந்துவிட்டது. தம் வரவுக்குத் தாமே சான்று தரும் நிலையில் மனிதர் நிறுத்தப்பட்டனர். பின் வந்த இயந்திரங்கள் எல்லாம் இக்கருத்துக்கு இரும்பாலும் மின்சாரத்தாலும் உடல் கொடுத்தனவே. 1961இல் நீல் மக்கென்றிக் என்னும் வரலாற்றாசிரியர் வெஜ்வுட்டின் தொழிற்சாலை ஒழுங்கை விரிவாக ஆராய்ந்தார். 1967இல் ஈ. பி. தொம்சன் என்பார், தொழிலாளர் வரவைப் பதிந்து கொள்ளும் முறையை முதன்முதல் வகுத்தவர் வெஜ்வுட்டே ஆகலாம் எனக் கருதினார்.

இலிகிதரின் கடமை

சீட்டு உண்மையைக் காட்டும். அவ்வுண்மையைக் கொண்டு என்ன செய்வது என்பது வேறு வினா. இவ்விடத்திலேதான் வெஜ்வுட்டின் மனம் புலப்படுகின்றது. சாலை இலிகிதர் ஒருவருக்கு அவர் எழுதி வைத்த கடமைகளுள் முதன்மையானது, அவரே எல்லாருக்கும் முன்னராகச் சாலைக்கு வருதல். ஏனையோரை வேலையில் அமர்த்துதலும், நேரந் தவறாது வருவோரை ஊக்குவித்தலும் அவர் பொறுப்பு. அவர்களுடைய ஒழுங்கு கவனிக்கப்படுகின்றது என்பதை அவர்களே உணருமாறு செய்தல் வேண்டும்; பாராட்டாலும், வயதுக்கேற்ற பரிசுகளாலும் அவர்களை ஏனையோரினின்றும் வேறுபடுத்திச் சிறப்பித்தல் வேண்டும்.

பிந்தி வருவோரை எவ்வாறு நடாத்துவது? முதலில் அவர்கள் பிந்தியமை கவனிக்கப்பட்டது எனத் தெரிவிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் அதிருப்தி காட்டியும் திருந்தாராயின், குறைந்த நேரத்தைக் கணக்கெடுத்து, நாட்கூலி பெறுவோரிடத்து அதற்குரிய தொகையைப் பிடித்தல் வேண்டும். செய்த பொருளின் அளவுக்குக் கூலி பெறுவோராயின், பலமுறை எச்சரித்த பின்னர், காலையுணவு வேளைவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புதல் வேண்டும். வரிசையைக் கவனித்தல் தகும். பாராட்டு முதலில், பரிசு அடுத்து, எச்சரிக்கை அதன்பின், கூலிப் பிடித்தம் கடைசியில்.

நிற்க. எமது பாடசாலைகளில் ஆசிரியர் வரவு இடாப்பில் குறித்த நேரத்திற்குச் சிவப்புக் கோடு இடும் வழக்கத்தை ஆசிரிய அன்பர்கள் யாவரும் அறிவர். கோட்டின் மேல் ஒப்பமிட்டவர் நேரத்திற்கு வந்தவர். கீழ் ஒப்பமிட்டவர் பிந்தியவர். முப்பது ஆண்டுகளாக அக்கோட்டின் மேலும் கீழும் ஒப்பமிட்டவன் யான். முன்னொரு காலத்தில் யான் கடமையாற்றிய பாடசாலை ஒன்றில் அக்கோடு சிலருக்கு முன்னதாகவும் வேண்டியவருக்குப் பின்னதாகவும் விழுந்ததுண்டு. ஐந்து மைல் மிதிவண்டியில் மழையில் நனைந்து வந்த ஆசிரியை கோட்டின் கீழ் ஒப்பமிட, அதிபரின் உறவினர் அவருக்குப் பின் வந்து கோடு விழுமுன் ஒப்பமிட்டதைக் கண்டவன் யான். எனவே மனிதக் கண்ணுக்குப் பதிலாக இயந்திரக் கண் வேண்டும் என்போரை எள்ளி நகையாட யான் ஒருப்படேன். சீட்டு உறவினரை அறியாது. ஏழைத் தொழிலாளிக்கு அஃது ஒரு காவலும் ஆகும்.

ஆயின் அதே இடாப்பு வேறொன்றையும் கற்பித்தது. மாலையில் எல்லாரும் சென்றபின், பரீட்சைக்குத் தோற்றும் வறிய மாணவருக்கு இருள் சூழும்வரை இலக்கணம் கற்பித்த ஆசிரியரின் மூன்று மணி நேரம் எந்த இடாப்பிலும் ஏறவில்லை. கோடு வருகையை அளந்தது, உழைப்பை அளக்கவில்லை. வெஜ்வுட்டின் இலிகிதர் பாராட்டும் பரிசுமாகச் செய்ய வேண்டியிருந்தது இக்குறையை நிரப்பும் பணியையே.

திருவிழா வென்றது

வெஜ்வுட்டின் சட்டங்கள் பல. வேலை நேரத்தில் மதுவைச் சாலைக்குட் கொணர்ந்தவருக்கு 2 சிலிங் தண்டம். சாளரமுள்ள சுவர்களிற் பந்தடித்து விளையாடினோருக்கும் அதே தண்டம். மேற்பார்வையாளரைத் தாக்கினோர் வேலை இழப்பர். இவ்வளவும் செய்து அவர் முழு வெற்றி பெற்றாரா? இல்லை.

பேர்ஸ்லம் ஊர்த் திருவிழா வந்தால் எற்றூரியா வெறிச்சோடியது. 1776இல் அவர் தம் நண்பர் பென்ற்லிக்கு எழுதிய மடலொன்றில் இதனைக் குறைபட்டுக் கொண்டார். அவ்வாரம் நான்கு நாள் தொழிலாளர் விளையாட்டிலே கழித்தனர். கடிந்தும் பார்த்தார்; இணக்கமாகப் பேசியும் பார்த்தார்; நத்தார்ப் பண்டிகைக்கு நீண்ட விடுமுறை தருவதாகவும் வாக்களித்தார். பயன் யாதுமில்லை. உலகமே முடிவதாயினும் திருவிழா நடந்தே தீரும் என்னும் முடிவுக்கு அவர் வந்துவிட்டார். அக்குறிப்பில் சினத்தோடு ஒரு புன்னகையும் கலந்திருத்தலை உணரலாம். சீட்டு அவர்கள் வாராமையைக் காட்டியது. வரச் செய்ய அதனால் இயலவில்லை. கணக்கு வேறு, கட்டுப்பாடு வேறு என்னும் பாடத்தை முதற் கணக்காளரே முதலிற் கற்றார்.

அளப்பதில் ஆர்வம்

தொழிலாளரின் நேரத்தை மட்டும் அவர் அளந்தார் என எண்ணுதல் தவறு. 1772இல் வியாபாரம் நெருக்கடிக்குட்பட்டபோது, ஒவ்வொரு கலத்துக்கும் மண், விறகு, கூலி, வாடகை என ஆகும் செலவைத் தனித்தனியே கணக்கிட்டார். சூளையின் வெப்பத்தைக் குயவர் கண்ணால் மதிப்பிட்ட காலத்தில், களிமண் துண்டு வெப்பத்திற் சுருங்கும் அளவைக்கொண்டு அதனை அளக்கும் கருவியொன்றை ஆக்கி, 1782இல் றோயல் கழகத்துக்கு அறிவித்தார். மறு ஆண்டு அக்கழகத்தின் உறுப்பினராயினார். ஜாஸ்பர் எனப்படும் அந்நீலக் கலத்தை ஆயிரக்கணக்கான சோதனைகளின் பின்னரே கண்டடைந்தார். ருசியப் பேரரசி கத்தரீனுக்கு 1774இல் 952 கலங்களைக் கொண்ட பெருந்தொகுதி ஒன்றைச் செய்து முடித்தார்.

அவருடைய நண்பர் கூட்டத்திலும் அளவையாளர் பலர் இருந்தனர். நீராவி இயந்திரம் திருத்திய ஜேம்ஸ் வாற் அவருள் ஒருவர். டார்பி நகரத்துக் கடிகாரஞ் செய்வோராகிய ஜோன் வைற்ஹேர்ஸ்ற் மற்றொருவர். இரவுக் காவலர் உரிய வேளையில் உரிய இடத்துக்கு வந்தாரா என்பதைக் காட்டும் கடிகாரங்களை வைற்ஹேர்ஸ்ற் செய்தார். சுழலும் தட்டின் ஓரத்தில் முளைகள் இருக்கும். காவலர் வந்து அந்நேரத்துக்குரிய முளையை அழுத்துதல் வேண்டும். வேளை தப்பின் அம்முளை அழுந்தாது நின்று அவர் உறங்கியதைக் காட்டிக் கொடுக்கும். சீட்டு ஒருபுறம், கடிகாரம் ஒருபுறமாக இருந்தன. இரண்டும் ஒன்றாதற்கு இன்னும் நூறாண்டு வேண்டியிருந்தது.

இரண்டு மனம்

இம்மனிதர் இரக்கமற்றவரா? விடை எளிதன்று. தொழிலாளருக்காக எற்றூரியாவில் வீடுகள் கட்டினார். நோயுற்றோருக்கு உதவும் சங்கத்தை ஆதரித்தார். கரடுமுரடான பாதைகளில் பொதி சுமந்து உடைந்த கலங்களுக்கு மாற்றாக, ட்ரென்ற், மேர்சி ஆகிய ஆறுகளை இணைக்கும் கால்வாய் அமைக்க முன்னின்று உழைத்தார். 1766இல் அதன் முதல் மண்ணை வெட்டியவரும் அவரே. 1777இல் அது நிறைவெய்தியது.

அதே கால்வாயில் 1783இல் எற்றூரியா அருகே உணவுப் பொருள் ஏற்றி வந்த படகொன்றைப் பசித்த மக்கள் மறித்தனர். கலகம் மூண்டது. படை வந்து அடக்கியது; ஒருவர் தூக்கிலிடப்பட்டார். வெஜ்வுட் அப்பகுதி இளைஞருக்கென ஒரு சிறு நூல் எழுதி, தம் பெற்றோர் காலத்து வறுமையோடு தம் காலத்து வீடுகளையும் வேதனத்தையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு அறிவுறுத்தினார். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் பசித்தவன் நேற்றைய பசியை எண்ணி இன்றைய பசியை ஆற்றிக்கொள்ளான் என்பதை அவர் போதிய அளவு உணர்ந்தாரல்லர்.

1787இல் அவர் செய்த வேறொரு செயல் என்றும் அவர் பெயரை நிறுத்தும். விலங்கிடப்பட்டு முழந்தாளிட்டு நிற்கும் கறுப்பின அடிமை ஒருவரின் உருவம் பொறித்த சிறு பதக்கத்தைத் தம் சாலையிற் செய்வித்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்க முயன்றோரிடையே அவற்றைப் பொருள் பெறாது வழங்கினார். மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்த பெஞ்சமின் பிராங்ளினுக்கும் சில அனுப்பினார். பெண்கள் கைவளையிலும் கூந்தலூசியிலும் அப்பதக்கத்தைப் பதித்து அணிந்தனர்.

அடிமைத்தனத்தை வெறுத்தவர் சிறுவரையும் விடியுமுன் மணியடித்து அழைத்தார் என்பது முரண்போலத் தோன்றும். அவர் மனத்தில் அது முரணாக இருந்திலது. அடிமையின் நேரம் முழுவதும் பிறருக்குரியது; கூலியாளர் தம் நேரத்தில் ஒரு பகுதியை விலைக்கு விற்கின்றார்; விற்ற அளவை அறிதற்கே சீட்டு. வாங்கியவரும் விற்றவரும் ஒரே அளவுகோலை நோக்குவராயின் அது நீதி எனக் கருதினார். அந்த அளவுகோல் யார் கையில் இருப்பது என்னும் வினாவை அவர் எழுப்பவில்லை. பின் வந்த காலம் அதனை எழுப்பியது.

அவருக்குப் பின்

1795 ஜனவரி 3ஆந் திகதி வெஜ்வுட் எற்றூரியாவில் இறந்தார். அவருடைய மகள் சுசானாவின் மகனே உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த சாள்ஸ் டார்வின். ஸ்ரோக் தேவாலயத்திலுள்ள நினைவுக்கல், அற்பமாயிருந்த ஒரு கைத்தொழிலை அவர் அழகிய கலையாகவும் நாட்டின் வாணிகமாகவும் உயர்த்தினார் எனப் பொறித்துள்ளது. மணியையும் சீட்டையும் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவர் பிரிந்த பின் ஆலைகள் பெருகின. பஞ்சாலை முதலாளிகள் சிலர் காலையிற் கடிகாரத்தை முந்த வைத்தும் மாலையிற் பிந்த வைத்தும் தொழிலாளரின் நேரத்தைத் திருடினர். கைக்கடிகாரம் கொணர்தலே குற்றமாயிற்று. 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வேலை நேரத்தைப் பொதுக் கடிகாரம் ஒன்றைக் கொண்டே கணித்தல் வேண்டும் என விதித்தது. அளவுகோல் ஒருவருக்கு மட்டும் உரியதாயின் அது பொய்க்கும் என்பதைப் பாராளுமன்றமே ஒப்புக்கொண்டவாறு அது.

அமெரிக்காவில் வில்லாட் பண்டி என்னும் நகைக்கடைக்காரர் சீட்டையும் கடிகாரத்தையும் ஒன்றாக்கினார். தொழிலாளர் ஒவ்வொருவரிடமும் இலக்கமிட்ட திறப்பு ஒன்று இருக்கும். அதனைக் கடிகாரத்திற் செருகித் திருப்பியதும் அவ்விலக்கமும் நேரமும் தாட்சுருளில் அச்சாகும். 1889இல் பிங்ஹம்ரன் நகரில் அவர்களுடைய நிறுவனம் தொடங்கியது. 1890இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. சில ஆண்டுகளில் டானியல் கூப்பர் என்பார் அட்டையில் நேரத்தை அச்சிடும் பொறியை ஆக்கினார். இந்நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்து, 1911இல் வேறு இரு நிறுவனங்களோடும் சேர்ந்து, 1924இல் ஐ.பி.எம். எனப் பெயர் பூண்டன. கணினிக்குப் பேர்போன அந்நிறுவனத்தின் வேர்களுள் ஒன்று தொழிற்சாலை வாயிற் கடிகாரம் என்பதை மாணவர் குறித்துக் கொள்க. பின் காந்த அட்டையும், விரலடையாளமும், முகமறியும் பொறியும், கைத்தொலைபேசியில் இடத்தைக் காட்டும் வசதியும் வந்தன. வந்த நேரம் பதிவாதலும், பிந்திய நேரம் கழிதலும், வேதனம் கணக்காதலும் இன்று மனிதக் கை படாமலே நிகழ்கின்றன.

கைவிடப்பட்ட பாதி

இவ்வரலாற்றிலிருந்து யான் கொள்வது இது. வெஜ்வுட்டின் ஏற்பாடு இரண்டு பாதிகளை உடையது. ஒன்று சீட்டு, மற்றொன்று இலிகிதர். சீட்டு நடுவுநிலை தந்தது. இலிகிதர் முன்னதாக வந்து நின்று, நேரத்துக்கு வந்தவரைப் பாராட்டி, பிந்தியவரை முதலில் அறிவுறுத்தி, கடைசியிலேயே கூலியிற் கைவைத்தார். பின் வந்தோர் முதற் பாதியை எடுத்துப் பொறியாக்கினர். இரண்டாம் பாதியில் கடைசிப் படியாகிய கூலிப் பிடித்தத்தை மட்டும் பொறியிற் சேர்த்து, ஏனைய படிகளை விட்டொழித்தனர். இருநூறு நாள் நேரந் தவறாது வந்தவருக்குப் பொறி ஒரு சொல்லும் கூறுவதில்லை. இருநூற்றோராம் நாள் பத்து நிமிடம் பிந்தினால் அது உடனே பேசுகின்றது.

பொறியின்மேற் குற்றமில்லை. அது தன் வேலையைச் செய்கின்றது. மனிதர் செய்ய வேண்டிய வேலையை அதன்மேற் சுமத்தியவரே பொறுப்பாளர். எண்ணும் தொல்லை நீங்கிய நேரத்தை ஒரு மேலதிகாரி எதற்குச் செலவிடுகின்றார் என்பதிலேயே இப்புதுமையின் நன்மையும் தீமையும் தங்கியுள்ளன. பிந்தி வந்தவர் ஏன் பிந்தினார் எனக் கேட்கவும், மாலையில் நின்று உழைத்தவரைக் கண்டறியவும் அந்நேரம் பயன்படுமாயின், வாயிற் பொறி ஊழியருக்கு நண்பனாகும். பயன்படாதாயின், குரோலியின் பூட்டிய கடிகாரத்துக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை.

வள்ளுவர் காலமறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். செயலுக்கேற்ற காலத்தை உணர்ந்து நிற்றலை அவர் அங்கு பேசினார். வெஜ்வுட் வகுத்தது காலத்தை எண்ணுதல். எண்ணுதலும் வேண்டுவதே. ஆயின் எண்ணத் தெரிந்த அளவுக்கு அறியத் தெரிந்திருத்தலும் வேண்டும். மரக்காலூன்றி நடந்த அக்குயவர், எண்ணுதற்குச் சீட்டையும் அறிதற்கு மனிதரையும் அருகருகே நிறுத்தினார். அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் புதிய பொறிகளை நிறுவுவோர், அவர் நிறுத்திய அம்மனிதரையும் வாயிலில் நிறுத்துவாராக.